எந்தக் கரைக்கு மூன்றாவது தூண்

ஆற்றுக்கு நடுவில் ஏழு கல்தூண்கள் நிற்கின்றன. மேலே ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் ரயில் போன பாலம் அது. ரயில் வேறு பாதை பார்த்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் போயிற்று. தூணுக்குத் தூண் கிடந்த கர்டர்கள், அதாவது இரும்பு உத்தரங்கள், அவையும் போயின. தூண்கள் மட்டும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் எழுந்து போகாத விருந்தாளிகளைப் போல அப்படியே நிற்கின்றன.

அந்தக் கர்டர்களைக் கழற்றி இறக்கிய கூட்டத்தில் கடைசி ஆளாகச் சேர்ந்து, வேலை முடியும்போது முன்வரிசையில் நின்றவர் தூக்கு மேஸ்திரி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆளைத் தூக்கில் போடுகிறவர் இல்லை, பளுவைத் தூக்குகிறவர். மில்லுக்குப் புது மிஷின் வந்தாலும், லாரி பள்ளத்தில் கவிழ்ந்தாலும், மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற வேண்டுமென்றாலும், சங்கிலிக் கப்பியோடு அவர் வந்து நிற்பார். படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆற்றில். ஆனால் ஒரு பளுவை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து எடை சொன்னாரென்றால் சொன்னதுதான். ஒரு தடவை எடைமேடையில் வைத்துப் பார்த்தார்கள், ஒத்துப்போகவில்லை. மறுநாள் எடைமேடையைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்கள்.

எல்லாம் அவராக உண்டாக்கிக்கொண்டது. அப்பன் சேர்த்து வைத்ததும் இல்லை, ஆண்டவன் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்ததும் இல்லை. கரையோரம் தகரக் கொட்டகை ஒன்று வைத்திருக்கிறார். கதவைத் திறந்தால் கிரீஸ் வாடை முகத்தில் அறையும். சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி கம்பி வடம், கொக்கி, பட்டைக் கயிறு. ஒரு டன் கப்பி, மூன்று டன் கப்பி எல்லாம் சும்மா தொங்கும். ஐந்து டன் கப்பி மட்டும் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். "எனக்குப் போத்தாத போர்வையை அதுக்குப் போத்தி வச்சிருக்காரு" என்பாள் அவர் மனைவி.

அவர் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு. 'தப்பு' இல்லை, அதை மற்றவர்களைப் பார்த்து நாளுக்கு நாற்பது தடவை சொல்வார். 'என் தப்பு' என்பதுதான் வராது. கேட்டால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "தூக்குற வேலையில தப்புப் பண்ணினவன் அன்னிக்கே போய்ச் சேர்ந்துடுவான். நான் அறுபத்தாறு வயசுல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். அப்ப என்ன அர்த்தம்?"

அவர் பேச்சில் பாதி பெருமைதான். ஆனால் வெறும் பெருமை இல்லை. குடத்தில் தண்ணீர் இருந்துதான் தளும்பியது.

இந்த ஆற்றங்கரை ஆட்களுக்கு ஒரு வழக்கம். "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல வலை போட்டேன்", "ஆறாவது தூண்கிட்ட சுழல் இருக்கு, அந்தப் பக்கம் போகாதே" என்று தூண்களை எண் வைத்துத்தான் பேசுவார்கள். ஆனால் எண்ணுவது அவரவர் கரையிலிருந்து. இந்தக் கரைக்கு மூன்றாவது, அந்தக் கரைக்கு ஐந்தாவது. நான்காவது தூண் ஒன்றில்தான் இரண்டு கரையும் ஒத்துப்போகும். மற்ற எதிலும் ஒத்துப்போகாது. அந்தக் கரைக்காரன் வந்து இந்தக் கரைப்படி எண்ணினால் பிறந்த வீட்டை விட்டுக்கொடுத்த மாதிரி. ரயில்காரர்கள் எழுதி வைத்த எண்ணெல்லாம் கர்டர் மேல் இருந்தது. கர்டரோடு அதுவும் போயிற்று.

மேஸ்திரி பிறந்தது அந்தக் கரை. கர்டர் இறக்கிய மறுவருஷம் இந்தக் கரைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். வந்த மறுநாளிலிருந்து இந்தக் கரைப்படிதான் எண்ணுகிறார். பெண்டாட்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கரைக் கணக்குச் சொன்னால் சாப்பாடு தட்டுக்கு வருமா?

ஒரே மகள். ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள். இரண்டாம் வகுப்புக்காரர் அவளை நர்ஸ் ஆக்கினார். சும்மா ஆக்கவில்லை, பன்னிரண்டு வருஷம் மழை வெயில் பார்க்காமல் இரும்பு தூக்கி ஆக்கினார். அவளை அந்தக் கரையில் ஒரு தையல்காரர் மகனுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரி இந்தக் கரையில், புகுந்த வீடு அந்தக் கரையில். தினமும் படகு. மழை பிடித்து ஆறு பெருகினால் மூன்று மாதம் படகு கிடையாது. சுற்றுச்சாலையில் போனால் இரண்டு பஸ் மாறி இருபத்திரண்டு மைல், மழையில் அதுவும் பாதி நாள் அடைபடும். அந்த மூன்று மாதமும் அவள் அப்பா வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போவாள். இரண்டு பிள்ளைகள் அந்தக் கரையில் புருஷன், மாமனார், மாமியாரோடு இருக்கும். சாயந்தரமானால் அந்தப் பக்கம் இரண்டு பொடிசுகள் நின்று கை ஆட்டும், இந்தப் பக்கம் இவள் துண்டை ஆட்டுவாள். போன மழைக்குச் சின்னவனுக்கு அம்மை போட்டது. ஊரில் இருக்கிற பிள்ளைக்கெல்லாம் மருந்து கொடுத்தவள் தன் பிள்ளையைத் துண்டு ஆட்டித்தான் பார்த்தாள்.

இந்த வருஷம் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ராஜினாமா எழுதி வச்சிட்டேன். மழைக்கு முன்னாடி பாலம் வந்தா கிழிச்சிடறேன். வரலேன்னா குடுத்துடறேன். இன்னொரு மழைக்கு என்னால துண்டு ஆட்ட முடியாது."

பாலம் வரும் என்று பேச்சிருந்தது. பழைய தூண்கள் மேலேயே இரும்பில் நடைபாலம். பாலத்துக்கான இரும்புச் சட்டங்கள் எல்லாம் வந்து கரையில் அடுக்கியாகிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: தூண்கள் தாங்கும் என்று தெரிய வேண்டும். தாங்காது என்றால் ஏழையும் வெடி வைத்து எடுத்துவிடுவார்கள். புதுத் தூண் கட்ட யாருக்கும் யோசனை இல்லை.

சோதித்துப் பார்க்க வந்தவர் ஓர் இன்ஜினியரம்மா. நாற்பது வயது இருக்கும், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் போட்டு, "பழைய பாலத்துல வேலை செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

மேஸ்திரி எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நின்றார்.

"கர்டர் இறக்கினதுல உயிரோட இருக்கறது நான் ஒருத்தன்தாம்மா. எழுதிக்குங்க. மூணாவது தூண். மேல்தண்ணிப் பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், தண்ணி மட்டத்துல ஒரு பொந்து. அதுக்கு முந்தின வெள்ளத்துல மரம் அடிச்சுக் கல்லு பேந்து போச்சு. ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு பெரிசு. கான்ட்ராக்ட்காரர், 'தூண் நம்ம வேலை இல்லைடா, கர்டர்தான் நம்ம வேலை, ஏதாவது போட்டு அடை'ன்னாரு. நான் கயித்துல தொங்கிக்கிட்டு ஆத்துக் கல்லைத் திணிச்சு மேல சிமெண்ட் பூசினேன். நாப்பத்துநாலு வருஷம் ஆச்சு. வெளியில கீறல் தெரியாது. என் கைப்பூச்சு அப்படி."

"பூச்சு நல்லா இருக்கு, உள்ள ஒண்ணுமில்லை. அப்படித்தானே?"

"அப்படித்தாம்மா. அதான் சொல்றேன்."

இன்ஜினியரம்மா எழுதிக்கொண்டார். கூட்டம் வாயைப் பிளந்தது. மேஸ்திரி அன்று வீட்டுக்கு நேர் வழியில் போகவில்லை, டீக்கடை இருக்கிற தெருவெல்லாம் சுற்றிப் போனார்.

துளை போடும் மிஷின் வந்தது. தூணின் தலையில் உட்கார்ந்துகொண்டு, மேலிருந்து கீழே முப்பது அடிக்குத் துளை போட்டு, உள்ளே இருக்கிற கல்லை உருளை உருளையாக எடுத்துக் காட்டும் மிஷின் அது. அதைத் தூண் மேல் ஏற்றுகிற வேலையும் மேஸ்திரிக்குத்தான் வந்தது. இந்தக் கரையிலிருந்து மூன்றாவது தூணில் ஏற்றினார். இரண்டு நாள் துளைத்தார்கள். வந்த கல்லெல்லாம் கெட்டிக் கல். பொந்தும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. இடம் மாற்றி இன்னொரு துளை போட்டார்கள். அதுவும் கெட்டி. அப்புறம் இன்ஜினியரம்மா தன் யோசனைப்படி நான்காவது தூணைத் துளைத்தார். அதுவும் வைரம் பாய்ந்த கட்டை மாதிரி இருந்தது.

"சந்தோஷம்தான், மேஸ்திரி. ஆனா அடுத்த தடவை ஞாபகமா இருந்தா மட்டும் சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

டீக்கடையில் விடுவார்களா? நாற்பத்துநாலு வருஷம் வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் ஆயிற்றே.

"மேஸ்திரி, பொந்துக்குள்ள கட்டில் போட்டீங்களே, மெத்தை போட்டீங்களா?"

"கர்டரை இறக்கினதாவது நெசமா, இல்லை அதுவும் கட்டில்ல படுத்துக் கண்ட கனவா?"

மேஸ்திரி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கொட்டகையில் உட்கார்ந்து, துடைத்த கொக்கியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கை பூசியது கைக்குத் தெரியும். அந்தப் பொந்தின் விளிம்பு முழங்கையைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பின்னே பொந்து எங்கே போயிற்று? கல் என்ன வளர்ந்தா மூடிக்கொள்ளும்?

மறுநாள் காலை தையல்காரச் சம்பந்தி படகில் வந்தார். மருமகளுக்கு வெள்ளைச் சீருடை இரண்டு தைத்து எடுத்து வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா, எப்போதும் போல. அதைக் கழற்றிவிட்டுத் தூங்குவாரா என்பதே மேஸ்திரிக்குச் சந்தேகம். இரண்டு பேருக்கும் சம்பந்தம் ஆன நாளிலிருந்து மரியாதைக்குக் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை.

"என்ன சம்பந்தி, முகம் சுருங்கின துணி மாதிரி இருக்கு? இஸ்திரி போடட்டுமா?"

"நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? மூணாவது தூண் கதை அந்தக் கரைக்கும் வந்தாச்சாக்கும்?"

"வராம? நான்தான் சண்டை போட்டேன். எங்க சம்பந்தி வாய் நீளமே தவிர பொய் சொல்ற வாய் இல்லைன்னு. நீங்க கயித்துல தொங்கிப் பூசினதை நானே பாத்திருக்கேனே."

"நீங்க எங்க பாத்தீங்க?"

"எங்கப்பா கடை கரையிலதானே இருந்துது. வாசல்ல நின்னா நேரா தெரியும். அப்ப நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நாக்கை வெளிய துருத்திக்கிட்டுப் பூசினீங்க. 'இவன் நாக்காலயா பூசறான்'னு எங்கப்பா சிரிச்சாரு."

மேஸ்திரி வேலை செய்யும்போது நாக்கைத் துருத்துவது உண்மைதான். மனைவி தினமும் கேலி செய்வாள். அதனால் முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் கை நின்றது. கொக்கி மடியில் விழுந்தது.

"சம்பந்தி. நாக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்கறேன்ல."

"உங்க கரையில நின்னுக்கிட்டு, என் நாக்கு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது?"

"அப்ப எனக்குக் கண்ணாடி கிடையாதுய்யா. ஊசி காதுல ஒரே தடவைல நூல் கோர்ப்பேன்."

மேஸ்திரி எழுந்து கொட்டகை வாசலுக்கு வந்து ஆற்றைப் பார்த்தார். தூணுக்குத் தூண் அறுபது அடி. இந்தக் கரையின் மூன்றாவது தூண் அந்தக் கரையிலிருந்து முந்நூறு அடி. முந்நூறு அடி தூரத்தில் ஆளே விரல் அளவுதான். நாக்கா தெரியும்? அந்தக் கரைக்கு மூன்றாவது என்றால் நூற்றெண்பது அடி. ஊசி கோர்க்கிற கண்ணுக்கு அது தெரியும்.

அப்போது அவர் அந்தக் கரைக்காரர். கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கரைச் சோறு, அந்தக் கரை எண்ணிக்கை. 'மூணாவது தூண்' என்று மனசில் எழுதி வைத்தது அந்தக் கரை மூன்று. ஆள் கரை மாறினார், எண்ணிக்கையும் மாறியது, மனசில் எழுதியது மட்டும் மாறாமலே இருந்துவிட்டது. பொந்து இருப்பது இந்தக் கரைக்கு ஐந்தாவது தூணில்.

"என்ன சம்பந்தி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"பேய் இல்லை. நான்தான் என்னை அறைஞ்சுக்கிட்டேன்" என்றார் மேஸ்திரி. தூண் மாறிய கதையையும் சொல்லிவிட்டார்.

தையல்காரர் நாடாவைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இப்பப் போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமில்ல? எல்லாம் கெட்டின்னு எழுதி முடிச்சிட்டாங்க. ஓட்டை இருக்குன்னா, ஏழுக்கும் வெடி வச்சாலும் வைப்பாங்க. அப்புறம் நம்ம பொண்ணு?"

அதுதான் கேள்வி. சும்மா இருந்தால் பாலம் வரும், மகள் வேலை நிற்கும். ஊர் சிரிப்பது சிரிக்கட்டும், அது நாளைக்கு ஓயும். ஆனால் அந்தப் பாலத்தில் தினமும் இரண்டு தடவை நடக்கப் போகிறவளும் அவள்தான். வாய் திறந்தால் பாலமே போகலாம். மிஷினை ஏற்றிப் போக லாரி மறுநாள் விடிந்ததும் வருகிறது.

மேஸ்திரி சீருடைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஊசி போடுகிற அறைக்கு வெளியே நீளமாக வரிசை. மகள் கையில் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை அவள் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்து முடிச்சையே பார்த்தார்.

அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, நல்ல கைக்குக் கட்டுப் போட்டுட்டா என்ன பண்ணுவோம்? வெளியில சொல்லாம வீட்டுக்கு அனுப்பிடுவோமா? அவிழ்த்துட்டு, ஒடிஞ்ச கைக்குப் போடுவோம். போங்க. நேரமாகுது."

"உன் ராஜினாமா..."

"அது என் கவலை. வரிசையில நிக்கறவங்களை மறைக்காதீங்க."

இன்ஜினியரம்மாவின் ஆபீஸ் ஒரு தகர அறை. மேஜை மேல் சுருட்டிய வரைபடங்கள், பறக்காமல் இருக்கச் செங்கல். ஆணியில் தொப்பிகள் தொங்கின. ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் கூட்டத்து ஆட்கள் நான்கு பேரும் அங்கேதான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி, இன்னொரு பொந்தா?" என்றார் இன்ஜினியரம்மா, தலை நிமிராமல்.

"அதே பொந்துதாம்மா. இடம்தான் வேற." அவர் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது தப்பு. என் தப்பு."

கயிறு சுற்றிய கைகள் நின்றன. கூட்டத்தில் மூத்தவன், இருபது வருஷம் அவரிடம் திட்டு வாங்கியவன், பக்கத்தில் இருந்தவனிடம் "என்ன சொன்னாரு?" என்று கேட்டான். காது கேட்காமல் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டான்.

மேஸ்திரி இரண்டு கரைக் கணக்கையும் சொன்னார். நாக்கு விஷயத்தையும் மறைக்கவில்லை. இன்ஜினியரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ஓட்டை இருந்தா நான் எழுதித்தான் ஆகணும். மேல இருக்கறவங்க மொத்தத்தையும் எடுத்துடுன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. உங்க பொண்ணு நர்ஸுன்னு கேள்விப்பட்டேன். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா. அவதான் அனுப்பினா."

"மிஷின் நாளைக் காலைல போகுது. நாலாவதுலேர்ந்து அஞ்சாவதுக்கு மாத்தவே ஒரு நாள் ஆகும்."

"யாருக்கு ஒரு நாள்?" என்றார் மேஸ்திரி. தலை குனிந்து வந்தவர்தான், ஆனால் வேலைப் பேச்சு வந்ததும் தலை தானாக நிமிர்ந்தது. "ரெண்டரை மணி நேரம் குடுங்க. ஒரு நிமிஷம் கூடினா என்னை ஆத்துல போடுங்க."

இதை அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். போர்வையை உருவி ஐந்து டன் கப்பியை எடுத்தார். மூன்று இரும்புக் குழாயை முக்காலியாகக் கட்டித் தூண் தலையில் நிறுத்தி, கப்பியை மாட்டி, மிஷினை அலுங்காமல் மிதவையில் இறக்கினார். மிதவை அறுபது அடி போய்ச் சேர்வதற்குள் ஐந்தாவது தூணில் இன்னொரு முக்காலி தயாராக நின்றது. இறக்கிய பிறகு அவிழ்த்து, அங்கே கொண்டுபோய்க் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அதில்தான் பாதி நாள் போகும். இவர் பளு காற்றில் இருக்கும்போதே அடுத்த முடிச்சைப் போடச் சொல்வார். "பிடி... விடு... விடுன்னா கொஞ்சமாடா, உன் மாமியாருக்குப் பரிமாறற மாதிரி விடறியே, தாராளமா விடு!" அறுபத்தாறு வயதில் ஏணியில் அவரே ஏறினார். நாக்கு வெளியே வந்துவிட்டது. கரையில் நின்ற தையல்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிஷம் மிச்சம் இருக்க, மிஷின் ஐந்தாவது தூணில் உட்கார்ந்துவிட்டது.

துளைத்தார்கள். பத்து அடி கெட்டிக் கல். பதினைந்து அடி, கெட்டிக் கல். மேஸ்திரிக்கு வியர்த்தது. இல்லாமல் போனால் மானம் போகும், இருந்தால் பாலம் போகும். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். பதினெட்டாவது அடியில் மிஷின் 'டக்' என்று ஒரு முழம் கீழே விழுந்தது. வெளியே எடுத்தால் உருளைக் கல் இல்லை. வழவழவென்று நாலைந்து ஆற்றுக் கற்கள்.

மேஸ்திரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் திணித்ததுதான்.

இன்ஜினியரம்மா கரைக்கு வந்து போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அரை மணி நேரம் மணலில் முன்னும் பின்னும் நடந்தார். தையல்காரர் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

திரும்பி வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிக்கனக்காரர் அல்லவா.

"எங்க இருக்குன்னு தெரியாத ஓட்டைக்குத்தான் பயப்படணும். தெரிஞ்ச ஓட்டையை அடைக்கலாம். துளை வழியா சிமெண்ட் பாலை அழுத்தி விட்டா உள்ளே இருக்கற கல்லோட சேர்ந்து ஒரே கல்லாயிடும். ஒத்துக்கிட்டாங்க. லாரி நாலு நாள் கழிச்சு வரட்டும். மீதி நாலு தூணையும் துளைச்சுப் பாத்துடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "இதைச் சொல்லாம விட்டிருந்தீங்கன்னா, அஞ்சாவது தூண் இந்த வெள்ளத்துக்கோ அடுத்த வெள்ளத்துக்கோ போயிருக்கும். பாலத்தோட" என்றார்.

பிறகு நடந்ததை நீட்ட வேண்டாம். மற்ற தூண்கள் கெட்டியாக இருந்தன. ஐந்தாவது தூண் வயிறு நிறைய சிமெண்ட் குடித்தது. மேஸ்திரியின் பழைய பூச்சு அழுத்தம் தாங்காமல் வெடிக்குமோ என்று பயந்தார்கள், மயிரிழை கூட விரியவில்லை. அதை மேஸ்திரி எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்று வாரம் கழித்துப் பகலில் பளு சோதனை. ஐந்தாவது தூணின் தலையில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தூண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஒரு முள் வைத்த கருவி. இரண்டு கரையிலும் கூட்டம். மகள் வேலை முடிந்து சீருடையோடு வந்து நின்றாள். முள் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே நின்றது. இன்ஜினியரம்மா அப்போதுதான் சிரித்தார். அவருக்கும் பல் இருக்கிறது என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அறிக்கை எழுதும்போது கேட்டார்: "குறையைக் கண்டுபிடிச்சது யாருன்னு ஒரு இடம் இருக்கு. உங்களைப் போடறேன், மேஸ்திரி."

"போடுங்க. முதல்ல தப்பான தூணைக் காட்டினதும் அவர்தான்னு சேர்த்துப் போடுங்க."

"அதுக்கு இடம் இல்லையே."

"ஓரத்துல எழுதுங்கம்மா. நாளைக்கு எவனாவது படிச்சா, கரையைக் கேட்டுட்டு எண்ணுவான்ல."

ஓரத்தில் எழுதினார். மேஸ்திரிக்குப் படிக்க முழுசாக வராது. மகளைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். தப்பைச் சொன்ன வரியை அல்ல, அதற்கு முந்தின வரியை.

மழைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் பாலம் முடிந்தது. ஆறு அடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே தகட்டில் நடந்தால் டங் டங் என்று சத்தம். மகள் ராஜினாமாவைக் கிழித்தாளா, அடுப்பில் போட்டாளா, யாரும் கேட்கவில்லை. ஆறு பொங்கிச் செம்மண் நிறத்தில் ஓடுகிற சாயந்தரங்களில் அவள் குடை பிடித்துக்கொண்டு நடந்து போய்விடுவாள். போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆகிறது.

ஆனால் பாலம் என்றால் இரண்டு பக்கமும் வழி. தையல்காரச் சம்பந்தி இப்போது தினமும் வருகிறார். காலையில் ஒரு தடவை, கடை சாத்திவிட்டு இன்னொரு தடவை. கொட்டகையில் மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கொக்கியை எந்த ஆணியில் மாட்ட வேண்டும் என்று யோசனை சொல்கிறார்.

"இதுக்காடி பாலம் போட்டோம்?" என்று மேஸ்திரி மனைவியிடம் கேட்டார்.

"மெதுவா. காதுல விழும்."

"விழட்டும். மூணு மாசம் ஆறு பெருகினா இந்த மனுஷன் தொல்லை இல்லாம நிம்மதியா இருப்பேன். அதுவும் போச்சு."

"ஏன் சம்பந்தி," உள்ளேயிருந்து குரல் வந்தது, "டீ வருமா, இல்லை அதையும் அந்தக் கரையிலேர்ந்தே கொண்டுவரணுமா?"

"வருது, வருது" என்றார் மேஸ்திரி. இரண்டு டம்ளரையும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.